அளவில்லா இணைப்பின் அளவு

1886ஆம் ஆண்டில், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ரோச்செஸ்டர் நகரத்துத் தொலைபேசிச் சந்தாதாரர்கள் ஒன்றுகூடி ஒரு முடிவுக்கு வந்தனர். அதுவரை அவர்கள் ஒரே தொகையைச் செலுத்திவிட்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசி வந்தவர்கள். இனி ஒவ்வோர் அழைப்பையும் எண்ணிப் பணம் வாங்கப் போவதாகத் தொலைபேசி நிறுவனம் அறிவித்தது. நகரத்தார் சினங்கொண்டனர். தொலைபேசியைக் கொக்கியில் மாட்டியவர்கள், ஏறத்தாழப் பதினெட்டு மாத காலம் அதைத் தொடவே இல்லை. வணிகர்களும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும், தங்களுக்கு இன்றியமையாத ஒரு கருவியைச் சுவரில் வெறுமனே தொங்கவிட்டு வேடிக்கை பார்த்தனர். இறுதியில் இறங்கி வந்தது நிறுவனந்தான்.

மனிதர் எதையேனும் பயன்படுத்துங்கால், பக்கத்தில் ஒரு கணக்குப்பிள்ளை நின்று நொடிக்கு நொடி குறித்துக்கொண்டிருப்பதை விரும்புவதில்லை. மொத்தத்தில் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் போகட்டும், கணக்குப்பிள்ளை மட்டும் வேண்டா என்பதே பெரும்பாலோர் மனநிலை. இம்மனநிலையை அறிந்த வணிகர்கள் 'அளவில்லாதது' என்னும் சொல்லை அவ்வப்போது கடைவிரிப்பதுண்டு. ரோச்செஸ்டர் மக்கள் கொக்கியில் மாட்டிய தொலைபேசிக்கு ஏறத்தாழ நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து, அதே தொலைபேசிக் கம்பியின்மீது அச்சொல் மீண்டும் விற்கப்பட்டது. அவ்விற்பனை எங்கே முட்டி நின்றது, ஏன் நின்றது என்பதே இங்கு நாம் காணப்போகும் வரலாறு.

அமெரிக்காவில் இல்லங்களுக்கான உள்ளூர் அழைப்புகள் பெரும்பாலும் மாத வாடகைக்குள்ளேயே அடங்கியிருந்தன. பக்கத்துத் தெருவுக்கு மூன்று நிமிடம் பேசினாலும் மூன்று மணி நேரம் பேசினாலும் கட்டணம் ஒன்றே. கணினிவழிச் சேவை நடத்துவோர் தொலைபேசி நிறுவனங்களுக்கு நிமிடக் கணக்கில் செலுத்தவேண்டிய கட்டணத்திலிருந்து, கூட்டாட்சித் தொடர்புத்துறை ஆணையம் 1983இல் அவர்களுக்கு விலக்களித்தது. 1987இல் அவ்விலக்கை நீக்க ஒரு முயற்சி நடந்தது. 'மோடம் வரி' என்று பெயர்சூட்டி மக்கள் கூச்சலிட்டதால் அது கைவிடப்பட்டது. ஆகவே, கணினியிலிருந்து உள்ளூர் எண் ஒன்றைச் சுழற்றி இணைவோர்க்குத் தொலைபேசிச் செலவு என்று தனியாக ஏதுமில்லை. எஞ்சியிருந்த கணக்குப்பிள்ளை ஒருவரே. அவர் சேவை நிறுவனத்தின் வாயிலில் நின்றார்.

அந்நிறுவனங்களுள் பெரியது அமெரிக்கா ஆன்லைன். 1996ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது மாதத்திற்கு 9.95 டாலர் வாங்கிக்கொண்டு ஐந்து மணி நேரம் தந்தது. அதற்குமேல் ஒவ்வொரு மணிக்கும் 2.95 டாலர். மாதம் முப்பது மணி நேரம் பயன்படுத்திய ஒருவர் 83.70 டாலர் கட்டவேண்டி வந்தது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்பது அப்போதே பெரிய ஊதாரித்தனம் அன்று. மாத இறுதியில் கடனட்டைக் கணக்கைப் பார்த்துப் பெற்றோர் திடுக்கிட்ட கதைகள் அந்நாட்டில் ஏராளம்.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஏடி அண்டு டி நிறுவனம் 'வேர்ல்டுநெட்' என்னும் சேவையுடன் களத்தில் இறங்கியது. தன் நெடுந்தொலைவுத் தொலைபேசி வாடிக்கையாளர்களுக்கு ஓராண்டுக்காலம் மாதம் ஐந்து மணி நேரம் இலவசம், 19.95 டாலர் கட்டினால் அளவே இல்லை. சிறிய நிறுவனங்கள் சிலவும் அதே விலையில் அதே வாக்குறுதியைத் தந்துகொண்டிருந்தன. மணிக்கணக்கில் வாழ்ந்த அமெரிக்கா ஆன்லைன், சந்தாதாரர்கள் நழுவுவதைக் கண்டு 1996 சூலையில் இருபது மணிக்கு 19.95 டாலர் என்னும் திட்டத்தை வகுத்துப் பார்த்தது. அது போதவில்லை. ஆகத்து 7ஆம் நாள் அதன் கட்டமைப்பே பத்தொன்பது மணி நேரம் செயலிழந்து கிடந்தது, அதுவேறு. அக்டோபர் இறுதியில் ஸ்டீவ் கேசின் தலைமையிலிருந்த அந்நிறுவனம் முடிவை வெளியிட்டது: டிசம்பர் முதல் நாளிலிருந்து மாதம் 19.95 டாலர், நேரக் கட்டுப்பாடு இல்லை.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள, நம் ஊர் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையை எண்ணிப் பார்த்தல் நலம். அங்கே சோறும் கறியும் கேட்கக் கேட்க வரும். பன்னிரண்டு வெள்ளியோ பதினைந்து வெள்ளியோ கொடுத்தவர், வயிறு இடங்கொடுக்குமட்டும் உண்ணலாம். கடைக்காரர் நட்டப்படுவதில்லை, ஏனெனில் மனித வயிற்றுக்கு ஓர் எல்லையுண்டு. அவர் உண்மையில் அஞ்சுவது சோற்றுக்காக அன்று, நாற்காலிக்காக. ஒருவர் உண்டு முடித்தும் இலையை மடிக்காமல் நண்பரோடு பேசிக்கொண்டே அமர்ந்துவிட்டால், ஒரு பருக்கை கூடச் செலவாகாமலேயே அந்நாற்காலி வணிகத்தினின்று விலகிவிடுகிறது. நாற்காலியின் பின்னால் நிற்பவர் காத்துக் காத்துத் திரும்பிப் போகிறார்.

தொலைபேசிவழி இணையத்தில் நாற்காலி என்பது மோடம். சந்தாதாரர் எண்ணைச் சுழற்றியதும் அவர் கணினிக்கும் நிறுவனத்தின் ஒரு மோடத்துக்கும் இடையே ஒரு தனிப்பாதை அமைகிறது. அவர் படம் இறக்கினாலும், மடல் எழுதினாலும், திரையைத் திறந்துவைத்துவிட்டு அடுக்களையில் தேநீர் கலக்கப் போனாலும் அப்பாதை அவருக்கே உரியது. வேறொருவர் அதில் நுழைய இயலாது. இன்றைய அகலப்பட்டையில் நாம் பேசாதிருக்கும் கணத்தில் அடுத்த வீட்டார் அவ்விடத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார். அன்று அப்படியன்று. செலவானது தகவலின் அளவு அன்று; இருந்த நேரம்.

இத்தகைய நாற்காலிக் கணக்கை முதன்முதல் ஒழுங்குபடுத்தியவர் டென்மார்க்கு நாட்டு அக்னர் எர்லாங் என்பார் (1878–1929). கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய கணித அறிஞர் அவர். 1909இல் தொடங்கி 1917இல் அவர் முற்றுவித்த சூத்திரம், இத்தனை கம்பிகள் இருந்து இவ்வளவு பேச்சு வந்தால் நூற்றில் எத்தனைபேர் திருப்பியனுப்பப்படுவர் என்று கூறுகிறது. அதை வைத்து நாமே ஒரு கணக்குப் போடலாம். ஒரு சிற்றூரில் 18 மோடங்கள் உள்ளன. மாலைப்பொழுதில் சராசரியாக 10 பேர் இணைப்பிலிருக்கும் அளவுக்கே அழைப்புகள் வருகின்றன. அப்போது இடமின்றித் திரும்புவோர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. யாரும் புதிதாகச் சேரவேண்டா, அழைப்புகளும் கூடவேண்டா. ஒவ்வொருவரும் முன்பு இருந்ததைப்போல் இருமடங்கு நேரம் இருந்தால் போதும். திரும்புவோர் தொகை நூற்றுக்கு 22 ஆகிவிடும். நேரம் இரண்டு மடங்காக, தொல்லையோ முப்பது மடங்காகிறது.

சூத்திரம் கருணையுள்ளது, திருப்பியனுப்பப்பட்டவர் அமைதியாகப் போய்விடுவார் என்று அது கருதிக்கொள்கிறது. உண்மை மனிதர் போவதில்லை. கணினியோ மறுபடி மறுபடித் தானே எண்ணைச் சுழற்றும்படி கட்டளையிடப்பட்டிருக்கும். உள்ளே நுழைந்தவரும், வெளியேறினால் மீண்டும் நுழைய முடியாதே என்று அஞ்சி இணைப்பைத் துண்டிக்கமாட்டார். இப்படியாக, நெருக்கடி தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும்.

1997 சனவரியில் அமெரிக்கா ஆன்லைனில் நடந்தது இதுவே. சந்தாதாரர் தொகை எண்பது இலட்சத்தை எட்டியிருந்தது. மோடங்கள் ஏறத்தாழ இரண்டு இலட்சம். நாற்பது பேருக்கு ஒரு நாற்காலி என்று வகுத்துக்கொள்க. சந்தாதாரர் ஒருவர் நாளொன்றுக்கு இருக்கும் சராசரி நேரம் சில மாதங்களுக்குள் இரட்டிப்புக்கும் மேலாயிற்று. மாலை வேளைகளில் எண்ணைச் சுழற்றியோர்க்குக் கிட்டியது இணையம் அன்று. விட்டு விட்டு ஒலிக்கும் அந்தப் பழைய ஓசையே. மணிக்கணக்கில் முயன்றும் நுழைய இயலாதவர்களிடமிருந்தும் மாதக் கட்டணம் தவறாமல் பிடிக்கப்பட்டது. வழக்குகள் எழுந்தன. விளம்பரமும், அஞ்சல்வழி வீடுதோறும் வந்து விழுந்த இலவச வட்டுகளும் மட்டும் நிற்கவில்லை என்று மக்கள் குமுறினர். கடை நிரம்பி வழிகையில் வாயிலில் நின்று இன்னும் ஆள் கூப்பிடுவது எவ்வகையில் நேர்மை?

அம்மாத இறுதியில் நடந்த மாபெரும் காற்பந்து இறுதியாட்டத்தின்போது, போட்டி நிறுவனமான காம்புசர்வ் ஒரு விளம்பரம் ஒளிபரப்பியது. திரையில் படம் ஏதுமில்லை. தொலைபேசியின் இடமில்லை ஓசை மட்டும் கேட்டது. நாடே சிரித்தது. ஆனால், அவ்வாண்டு செப்டம்பரிலேயே காம்புசர்வின் சந்தாதாரர்களை அமெரிக்கா ஆன்லைன் வாங்கிக்கொள்ளும் உடன்பாடு வெளியாயிற்று. கேலி செய்தவனை வாங்கிவிடுவதும் ஒருவகைப் பதில்தான் போலும்.

சனவரி 29ஆம் நாள் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்களோடு அமெரிக்கா ஆன்லைன் ஓர் இணக்கத்துக்கு வந்தது. இணைப்புக் கிட்டாதோர், தாம் பயன்படுத்திய நேரத்தைப் பொறுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம்; விளம்பரங்களைக் குறைக்கவேண்டும். 35 கோடி டாலர் செலவிட்டு, மோடங்களின் தொகையை அவ்வாண்டு நடுப்பகுதிக்குள் மூன்றரை இலட்சமாக உயர்த்துவதாகவும் நிறுவனம் அறிவித்திருந்தது.

இங்கே என் கருத்தையும் கூறிவிடுகிறேன். பழியை ஒரே விலைத் திட்டத்தின்மீது போட்டவர்கள் அன்று பலர். நீண்ட நேரம் இருந்த சந்தாதாரர்களைப் பேராசைக்காரர் என்று ஏசியவர்களும் உண்டு. இரண்டும் பொருந்தா. 'எவ்வளவு வேண்டுமானாலும் இருங்கள்' என்று அழைத்தபின், இருந்தவரைக் குறைகூறுதல் முறையன்று. நேரத்துக்கு விலையில்லையென்றால் நேரம் மிகும் என்பது எர்லாங்கைப் படியாதவர்க்கும் விளங்கும் செய்தி. அந்நிறுவனமும் அதை எதிர்பார்த்தே இருந்தது. எவ்வளவு மிகும் என்பதில்தான் தவறியது. அக்கணக்குப் பிழையின் சுமையை நாற்காலி கிடைக்காதவர் சுமந்ததே அநீதி.

மோடங்களைக் கூட்டினால் சிக்கல் தீர்ந்ததா எனில், அது ஒரு கதவைத் தாண்டி அடுத்த கதவில் போய் நின்றது. தொலைபேசி இணைப்பகங்களும் நாற்காலிக் கணக்கிலேயே கட்டப்பட்டவை. நூறு வீடுகளுக்கு நூறு பாதைகள் எங்கும் இருப்பதில்லை. நான்கு வீட்டுக்கோ எட்டு வீட்டுக்கோ ஒரு பாதை என்பதே வழக்கம். சராசரி உரையாடல் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்னும் பழைய நம்பிக்கையே அதன் அடித்தளம். இணைய அழைப்போ அதைப்போல் பலமடங்கு நீண்டது. தங்கள் இணைப்பகங்கள் திணறுகின்றன என்று பசிபிக் பெல், பெல் அட்லாண்டிக்கு போன்ற நிறுவனங்கள் 1996இல் ஆணையத்திடம் ஆய்வறிக்கைகளோடு முறையிட்டன. இணையத்துக்கென்று இரண்டாம் தொலைபேசியை வீடுகளுக்கு விற்று அவர்கள் ஈட்டிய வருவாயை எதிர்த்தரப்பினர் சுட்டிக்காட்டினர். 1997 மே மாதத்தில் ஆணையம் பழைய விலக்கையே உறுதிப்படுத்தியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1996ஆம் ஆண்டுத் தொடர்புச் சட்டப்படி, ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரை அழைத்தால், அழைப்பைக் கொண்டுசேர்க்கும் நிறுவனத்துக்கு முதல் நிறுவனம் ஈடு தரவேண்டும். புதிதாய் முளைத்த சிறு தொலைபேசி நிறுவனங்கள் இணையச் சேவையாளர்களைத் தம் வாடிக்கையாளராகச் சேர்த்துக்கொண்டன. மோடம் யாரையும் அழைப்பதில்லை. அழைப்புகளை ஏற்க மட்டுமே செய்யும். ஆதலால் பணம் ஒரே திசையில் பாய்ந்தது. பெரிய நிறுவனங்கள் தம் சந்தாதாரரிடம் நிமிடத்துக்கு ஒரு காசும் பெறாமல், நிமிடந்தோறும் பிறர்க்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தன. 2001இல் ஆணையம் அவ்விகிதங்களைப் படிப்படியாகக் குறைத்த பின்னரே அவ்வாய்க்கால் வற்றியது.

கம்பிக்கும் ஓர் எல்லை இருந்தது. மனிதக் குரலுக்கென்று அமைந்த அப்பாதை, இணைப்பகத்தில் நொடிக்கு 64 ஆயிரம் துண்டுகளாக மாற்றப்படுவது. 1998இல் வந்த மோடத் தரத்துக்கு 56 ஆயிரம் என்று பெயர். அமெரிக்க விதிகளின்படி நடைமுறையில் 53 ஆயிரத்தைச் சற்றே தாண்டியதோடு சரி. அவ்வேகத்தில் ஒருவர் இரவுபகல் ஓயாது இறக்கிக்கொண்டிருந்தாலும் ஒரு நாளில் ஏறத்தாழ 570 மெகாபைட்டுக்குமேல் கிட்டாது. எனவே, அளவில்லாச் சோறு என்று கூறப்பட்டபோதும் அகப்பை மிகச் சிறியதாகவே இருந்தது. நிறுவனங்கள் அகப்பையைக் கண்டு அஞ்சவில்லை.

அவை அஞ்சியது இலையை மடிக்காதவரையே. முப்பது நாள் மாதத்தில் 720 மணி நேரம் உண்டு. அத்தனையும் இணைந்திருந்தவர் மாதம் இருபது டாலருக்கு ஒரு மோடத்தைத் தனியுடைமையாக்கிக்கொண்டவர் ஆகிறார். 'அளவில்லாதது' என்றால் 'நிலையானது' என்று பொருளன்று என்று ஒப்பந்தங்களின் சிறிய எழுத்துகளில் ஒரு வரி புகுந்தது. சற்று நேரம் விசைப்பலகை அசையாதிருந்தால், 'இருக்கிறீர்களா?' என்று திரை கேட்டது; மறுமொழி இல்லையேல் இணைப்பு அறுந்தது. உடனே, தாமிருப்பதாகப் பொய் சொல்லும் சிறு நிரல்களைச் சந்தாதாரர்கள் பரப்பினர். 1998இல் வேர்ல்டுநெட் மாதம் 150 மணி நேரம் என்று வரம்பிட்டு, அதற்குமேல் மணிக்கு 99 காசு என்றது. மெய்யாகவே அது நேர்மையான அறிவிப்பு. வரம்பு இருக்குமானால் எண்ணால் கூறுவதே அழகு. அவ்வாண்டு ஏப்பிரலில் அமெரிக்கா ஆன்லைன் விலையை 21.95 டாலராக உயர்த்தியது.

அத்திலாந்திக்கின் மறுகரையில் கதை வேறு. ஐரோப்பாவில் உள்ளூர் அழைப்புக்கும் நிமிடக் கட்டணம் உண்டு. 1998 செப்டம்பரில் இசுபெயினிலும் நவம்பரில் செருமனியிலும் பயனாளர்கள் ஒரு நாள் இணையத்தைப் புறக்கணித்து வேலைநிறுத்தம் செய்தனர். ரோச்செஸ்டர் மக்களின் பேரப்பிள்ளைகள் என்றே அவர்களை அழைக்கலாம். பிரிட்டனில் அதே செப்டம்பரில் தோன்றிய ஃபிரீசர்வ், மாதச் சந்தாவே வேண்டா என்றது. அழைப்புக் கட்டணத்தில் ஒரு பங்கு அதற்குக் கிடைத்தது. பயனாளர் எவ்வளவு நேரம் இருக்கிறாரோ அவ்வளவும் அதற்கு ஆதாயம்.

2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அல்டாவிஸ்டாவின் பிரிட்டிசுக் கிளை, சிறு ஆண்டுக் கட்டணத்துக்கு நிமிடக் கணக்கில்லா இணைப்பு என்று முரசறைந்தது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்து காத்திருந்தனர். ஆகத்து மாதத்தில் நிறுவனம் வாய் திறந்தது: சேவை கைவிடப்படுகிறது, இதுவரை ஒருவருக்கும் அது வழங்கப்படவேயில்லை. காரணம் எளியது. சந்தாதாரரிடம் ஒரே தொகை வாங்கிக்கொண்டு, பிரிட்டிசு டெலிகாமுக்கு நிமிடக் கணக்கில் கொடுப்பது எங்ஙனம் இயலும்? நேரம் மிக மிக நட்டமும் மிகும். செருமனியின் டி-ஆன்லைன் 2000ஆம் ஆண்டு 79 மார்க்கு விலையில் தொடங்கிய ஒரே விலைத் திட்டத்தையும் மறு ஆண்டே நிறுத்திக்கொண்டது.

பிரிட்டனில் முடிச்சை அவிழ்த்தது ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்டெல். வேர்ல்டுகாம் நிறுவனத்தின் முறையீட்டின்மீது 2000 மே மாதம் அது அளித்த தீர்ப்பின்படி, பிரிட்டிசு டெலிகாம் தன் பாதைகளை நிமிடக் கணக்கில் மட்டுமன்றி, பாதைக்கு இவ்வளவு என்று மொத்த வாடகைக்கும் தரவேண்டியதாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்கா ஆன்லைனின் பிரிட்டிசுக் கிளை மாதம் 14.99 பவுண்டுக்கு ஒரே விலையை அறிவித்தது. ஆயினும் வாடகைக்கு எடுத்த பாதைகள் எண்ணிக்கைக்குட்பட்டவை. ஆதலால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இணைப்பைத் தானே துண்டிக்கும் வழக்கம் பல நிறுவனங்களில் ஏற்பட்டது. மீண்டும் சுழற்றி நுழையலாம், தடையில்லை. கடைக்காரர் வந்து இலையை மடித்துவிட்டு, 'வரிசையில் நின்று வாருங்கள்' என்று பணிவோடு கூறுவதைப் போன்றது அது.

நம் மலேசியாவில் 1990களில் ஜாரிங்கும் பின்னர் டி.எம்.நெட்டும் பெரும்பாலும் நேரத்தைக் கணக்கிட்டே கட்டணம் பெற்றமையால், இப்பெருநெருக்கடியை நாம் அத்துணைப் பார்த்ததில்லை. நாம் பார்த்தது வேறு: சுவர்க் கடிகாரத்தின்கீழ் அமர்ந்து, மடலை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு, இணைந்தவுடன் அனுப்பிவிட்டு உடனே துண்டிக்கும் சிக்கனம். அமெரிக்கச் சிறுவன் வரிசையில் நின்று காத்திருந்தான். நம் சிறுவன் தந்தையின் முகத்தைப் பார்த்து எழுந்தான்.

அகலப்பட்டை வந்தபின் நாற்காலிகளின் தேவை தேய்ந்தது. மோடங்களின் வரிசைகள் ஒவ்வொன்றாய் நிறுத்தப்பட்டன. அமெரிக்காவின் தொலைவான சில ஊர்களில் மட்டும் பழைய வழியில் எண்ணைச் சுழற்றி இணைந்தோர் நெடுங்காலம் எஞ்சியிருந்தனர். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், அமெரிக்கா ஆன்லைன் தன் தொலைபேசிவழிச் சேவையை அடியோடு நிறுத்தியது.